எடுத்த தண்ணியை எந்தக் கிணத்துல திருப்பி ஊத்துவீங்க?

(ஒன்றிய விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



போன மாசம் நம்ம ஊர்ச் சாவடிக்கு ஒரு கம்பெனி ஆளுங்க வந்தாங்க. கலர் நோட்டீஸ் கொடுத்தாங்க. "எடுக்கிற ஒவ்வொரு சொட்டுத் தண்ணியையும் பூமிக்கே திருப்பித் தருவோம், எங்களாகவே எடுத்துக்கிட்ட உறுதிமொழி இது"ன்னு அச்சடிச்சிருந்துச்சு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். எடுக்கிறது எங்க கிணத்தடியில, திருப்பி ஊத்துறது எந்தக் கிணத்துல? பதில் இல்லை. டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

இது புதுசு இல்லை, தோழர்களே. பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000இல் ஓட ஆரம்பித்தது. கிணறுகள் வற்றின, மிச்சத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை. 2002இல் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். ஆலைக் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்கே கொடுத்திருந்தார்கள். 2003இல் பிபிசி வானொலி அதைச் சோதனைக்கு அனுப்பியது. காட்மியமும் ஈயமும் இருந்தன. நம்ம ஆளு இலவசம்னா அதையும் வாங்கி வயலில் போடுவான், அது வேற கதை. பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

அதே கம்பெனி 2007இல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது: எடுக்கும் தண்ணீருக்கு ஈடாகத் திருப்பித் தருவோம் என்று. 2015இல் இலக்கை முடித்துவிட்டோம் என்றும் அறிவித்தது. கணக்கைப் பாருங்கள். பாட்டிலுக்கும் ஆலைக்கும் போகும் தண்ணீர் மட்டும்தான் அதில் உண்டு. அதில் கலக்கும் சர்க்கரைக்குக் கரும்பு குடிக்கும் தண்ணீர் கணக்கில் வராது. கரும்பு போட்டவனுக்குத் தெரியும் அது எவ்வளவு என்று! ஓர் ஊரில் உறிஞ்சிவிட்டு வேறெங்கோ குளம் வெட்டினாலும் கணக்கு நேராகிவிடும்.

2022இல் இன்னொரு வாக்கு. 2030க்குள் கால்பங்கு பானத்தைத் திரும்ப நிரப்பும் பாட்டில்களில் விற்போம் என்றார்கள். 2024 டிசம்பரில் அந்த இலக்கையே கைவிட்டார்கள். அபராதம் உண்டா? கேஸ் உண்டா? எதுவும் இல்லை. தானாகக் கொடுத்த வாக்கு, தானாகவே எடுத்துக்கொண்டார்கள். நாம கூட்டுறவு சொசைட்டியில கடன் வாங்கிட்டு, "அந்த இலக்கை மாத்திக்கிட்டேன்"னு சொல்லிப் பார்ப்போமா?

இப்போ நொய்யலுக்கு வாங்க. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டியது. தேங்கியது திருப்பூர்ச் சாயத் தண்ணி. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தாச்சு, இனி பயமில்லை என்றார்கள். நிறம் குறைந்தது, உப்பு குறையவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் உயர்நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று உத்தரவு. லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதம். 2009இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்பவும் நிக்கலை. கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட்ட பிறகு, 2011 ஜனவரி 28இல் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னார்கள். தொழிலாளிக்கு வேலை போச்சு, அதையும் மறைக்காமல் சொல்லணும். கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்தவர்கள்தான் திரும்பத் திறந்தார்கள். முன்னமே செய்திருந்தால் அந்தத் தொழிலாளி பட்டினி கிடந்திருக்க மாட்டான்.

எல்லா முதலாளியும் பொய்யன் என்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணம் இருந்தால் முத்திரைத்தாளில் எழுதித் தரட்டும். ஆழ்குழாய்க்கு மீட்டர் வைக்கட்டும். அந்த மீட்டர் ரீடிங் மாசாமாசம் பஞ்சாயத்து போர்டில் ஒட்டட்டும். சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டத்தை இப்பவே அளந்து எழுதி வைக்கணும், இல்லேன்னா நாளைக்கு "முன்னாடியே வத்தித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லுவான்.

வருகிற கிராம சபையில் இந்தத் தீர்மானத்தை வைக்கிறோம். பெண்கள் கட்டாயம் வரணும், தண்ணிக் குடம் தூக்குறது அவங்கதான். நம்ம ஊரிலிருந்து டிராக்டர் காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் புறப்படும். கிணத்துக்காரர்கள் எல்லோரும் பட்டா நகலோடு வந்து சேருங்கள்.