குளிர்சாதனம்: பாதி சுவரில், பாதி சுவருக்குள்ளே



பொங்கோலில் புதிய நாலறை வீட்டின் சாவியைப் பெற்ற ஒரு தம்பதியரை நினைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் வீட்டுச் சாமான் கண்காட்சிக்குப் போகிறார்கள். "சிஸ்டம் 4, இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்கிறார் விற்பனையாளர். "என்னங்க, அத்தை ரூம் சின்னதுதானே, அதுக்கு இவ்வளவு பெரிய ஏர்கான் வேணுமா?" என்று மனைவி கேட்கிறார். "பெரிசா இருந்தா நல்லாத்தானே குளிரும்" என்கிறார் கணவர். பத்து நிமிடத்தில் முன்பணம் கட்டியாகிவிடுகிறது. சோபா வாங்க மூன்று கடை ஏறி இறங்கியவர்கள், பல ஆண்டுகள் மின்கட்டணத்தில் பங்கு கேட்கப்போகும் பொருளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

அந்த மனைவி கேட்டது மிகச் சரியான கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

குளிர்சாதனம் குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறையில் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அறைச் சுவரில் தொங்கும் பெட்டி, வெப்பத்தையும் காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சுகிறது. செப்புக் குழாய்களில் ஓடும் குளிர்பதன வாயு அந்த வெப்பத்தை வெளியே சுமந்து செல்கிறது. வெளியே இருக்கும் கம்ப்ரசர் பெட்டி அதைக் காற்றில் விடுகிறது. காற்றிலிருந்து பிரிந்த ஈரம் தண்ணீராகித் தனிக் குழாய் வழியே வடிகிறது. பெட்டி இப்படி இரண்டாகப் பிரிந்திருப்பதால்தான் இதற்கு 'ஸ்பிலிட்' என்று பெயர்.

ஓர் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் வெப்பத்தை 'பிடியூ' கணக்கில் சொல்வார்கள். 12,000 பிடியூ என்பது ஒரு டன். அந்தக் காலத்தில் ஐஸ் கட்டிகளை வைத்துக் குளிரூட்டினார்கள். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பமே இன்றும் அளவுகோலாக நிற்கிறது. சிங்கப்பூர் வெயிலுக்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 60 முதல் 65 பிடியூ என்று கடைக்காரர்கள் கணக்கிடுவது வழக்கம். 10 சதுர மீட்டர் படுக்கையறை சுமார் 108 சதுர அடி. அதற்கு 7,000 பிடியூ போதும். கடையில் கிடைக்கும் 9,000 தாராளம். மாலை வெயில் நேராக விழும் அறைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் என்ன ஆகும்? அறை விரைவில் சில்லென்று ஆகிவிடும். இயந்திரம் உடனே ஓய்ந்துவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. உடம்பு குளிரும், பிசுபிசுப்பு போகாது. இரவில் போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாகத் தூக்கம் கெடும். இன்வர்ட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும், அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு.

அடுத்தது சிஸ்டம். ஒரு கம்ப்ரசரில் நான்கு அறைப் பெட்டிகளை இணைப்பது சிஸ்டம் 4. வெளியே இடம் மிச்சம். விலையும் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறையலாம். ஆனால் கம்ப்ரசர் பழுதானால் நான்கு அறையும் புழுங்கும். பகலில் அத்தை மட்டும் வீட்டில் இருந்து ஓர் அறையை மட்டும் குளிரூட்டினால், அந்தச் சின்ன வேலைக்கும் பெரிய கம்ப்ரசரே ஓட வேண்டும். வெளிமேடையில் இடம் இருந்தால், அந்த ஓர் அறைக்குத் தனி சிஸ்டம் 1 வைப்பதையும் யோசிக்கலாம். யார், எந்த நேரத்தில், எந்த அறையில் இருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

மின்சக்தி முத்திரையையும் படிக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனங்களுக்கு இது 2008ல் கட்டாயமாக்கப்பட்டது. 2014ல் ஐந்து டிக் முறை வந்தது. டிக்கோடு நில்லாமல், முத்திரையில் உள்ள ஆண்டு மின்பயன்பாட்டையும் ஒப்பிடுங்கள். ஒரே அளவுள்ள இயந்திரங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத பகுதி. புகார்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. செப்புக் குழாயைச் சுற்றியுள்ள காப்புறை மெல்லியதாக இருந்தால் அதன்மேல் வியர்த்துக் கொட்டும். பொய்க்கூரையில் கறை படியும். தண்ணீர்க் குழாய்க்குச் சரிவு இல்லாவிட்டால் படுக்கையில் சொட்டும். குழாய்களை இணைத்தபின் வெற்றிடப் பம்பு வைத்து உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் எடுத்த பிறகே வாயுவைத் திறந்துவிட வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்தால் கம்ப்ரசரின் ஆயுள் குறையும். ஆகவே, குழாயின் தடிமன், காப்புறையின் தடிமன் இரண்டையும் விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீவக வீடுகளில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவர்களே இதைப் பொருத்த வேண்டும். வெளிப்பெட்டியைத் தாங்கும் சட்டம் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பத்தாவது மாடியில் ஒரு சட்டம் இற்றுப்போனால் கீழே நடப்பவரின் உயிருக்கே ஆபத்து. பழைய வீடாக இருந்தால், முதன்மை மின்விசை இந்தச் சுமையைத் தாங்குமா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் முதலில் கேளுங்கள்.

"கேஸ் தீர்ந்துபோச்சு, ஏத்தணும்" என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது காரில் ஊற்றும் பெட்ரோல் மாதிரி செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் ஏற்றினால், சில மாதங்களில் அதே செலவு மறுபடியும் வரும்.

வாங்கியபின் வடிகட்டியை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கழுவுங்கள். 25 டிகிரியில் வைத்து, கூடவே விசிறியையும் மெதுவாகச் சுழல விடுங்கள். மின்கட்டணத்தில் வித்தியாசம் தெரியும்.

அந்தத் தம்பதியர் முன்பணம் கட்டுமுன் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்: "பகல்ல ஏர்கான் போடுவீங்களா, ராத்திரி மட்டும்தானா?" அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், விற்பனையாளர் சொல்லும் அளவை நம்ப வேண்டிய அவசியம் இருக்காது.