பந்தல் பிரித்த பிறகு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வளரிளம் பெண்களின் சத்துக்குறைவு பற்றிப் பேசச் சொன்னார்கள்.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், தலை சுற்றும், படிப்பு மண்டையில ஏறாது. நாம என்ன சொல்றோம்? "எப்பப் பாரு போனும் கையுமா படுத்துக் கிடக்கு"ன்னு திட்டுறோம். திட்டுறதுக்கு முன்னாடி கீழ் இமையை இழுத்துப் பாருங்க. வெளுத்திருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.

காரணம் வறுமை மட்டும் இல்லை. ரேஷன் அரிசியில வயிறு நிறையுது, ரத்தம் ஊறலை. பொண்ணு வயசுக்கு வந்தா உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டைன்னு ஊட்டி ஊட்டி விடுறோம். தாய்மாமன் சீர் வருது, போட்டோ எடுக்கிறோம். பந்தலைப் பிரிச்சதும் களியும் முட்டையும் நின்னு போச்சு. மாசாமாசம் ரத்தம் போறது நிக்கலையே! அன்னைக்கு மட்டும் சத்து வேணும், அப்புறம் வேண்டாம்னு யார் சொன்னது? சடங்குக்கு வாங்குற கடன்ல ஒரு பங்குக்கு நாலு கோழி வாங்கி விட்டா வருஷம் பூரா முட்டை கிடைக்கும். இதைச் சொன்னா சில பேருக்குக் கோபம் வரும், வரட்டும்.

அடுத்தது பரிமாறுற முறை. கறிக்குழம்பு வச்சா துண்டு ஆம்பளைக்கும் பையனுக்கும், பொண்ணுக்குக் குழம்பு. அம்மாவும் பொண்ணும் கடைசியில சட்டியை வழிக்கிறோம். காலையில பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல டீயும் பன்னும்தான். பள்ளிக்கூடச் சத்துணவும் பத்தாவதோட முடியுது. பதினொண்ணு, பன்னெண்டு படிக்கிற பிள்ளைக்கு நாம கட்டிக் கொடுக்கிற டப்பாதான் எல்லாம்.

முருங்கைக்கீரை நம்ம வேலியிலேயே இருக்கு. கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, கடலை, எள்ளு எதுவும் புதுசு இல்லை. கீரை சாப்பிட்ட கையோட டீ குடிக்க விடாதீங்க, இரும்புச்சத்து உடம்புல சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தா நல்லாச் சேரும்.

பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறாங்க. படிப்பை நிறுத்தின பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில கிடைக்கும். குமட்டுதுன்னு நிறையப் பிள்ளைகள் தூக்கிப் போடுது. வெறும் வயித்துல போடாம, சாப்பிட்டதும் போடச் சொல்லுங்க. மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம். குடற்புழு மாத்திரையையும் விடக்கூடாது. கொக்கிப்புழு வெறுங்கால் வழியா ஏறி ரத்தத்தைக் குடிக்கும், அதனால வெளிய போகும்போது செருப்பு கட்டாயம்.

ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த குழுக் கூட்டத்துல சேமிப்பு, கடன் வரவு எழுதி முடிச்சதும், தீர்மான நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்குங்க. குழுவுல யார் வீட்ல வயசுப் பொண்ணு இருக்கு, ரத்தம் பார்த்தாச்சா, எவ்வளவு இருக்குன்னு எழுதுங்க. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் பேரை முதல்ல எழுதுங்க. அந்தப் பட்டியலை எடுத்துக்கிட்டு கிராம செவிலியரைப் பார்க்க நான் வர்றேன், கூட ரெண்டு பேர் வாங்க.