ஆசியா என்னும் சிறுகோள்



1769-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், வெள்ளிக் கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து செல்வதைக் காண நம் புதுவையிலே காத்திருந்தார் லெ ழாந்தி என்னும் பிரெஞ்சு வானநூலார். விடியற்காலையில் மேகம் கவிந்து, காட்சியை மறைத்துவிட்டது. அடுத்த வாய்ப்போ 1874-இல்தான்! ஒரு நாளை மட்டும் நம்பியவர்க்கு நேர்ந்தது அது. நாள்தோறும் வானை நோக்கிப் பயன் கண்ட மற்றொருவரைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

அவர் பெயர் நார்மன் இராபர்ட் போக்சன். 1829-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் மூன்று சிறுகோள்களைக் கண்டறிந்த பின், 1861-இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். முதல்தர விண்மீன் ஆறாம்தர விண்மீனைவிட 100 மடங்கு ஒளி உடையது என்று 1856-இல் அவர் வகுத்த அளவுமுறையே இன்றும் வழங்குகிறது.

சிறுகோள்கள் யாவை? பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றிவரும் சிறு பாறைக் கோளங்கள் அவை. தொலைநோக்கியில் விண்மீன்களைப் போலவே தோன்றும். எனின், அவற்றை இனங்காண்பது எங்ஙனம்? வானின் ஒரு பகுதியிலுள்ள மீன்களையெல்லாம் படத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த இரவும் அப்பகுதியை நோக்கி, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். நிலைபெயராதது விண்மீன், இடம் பெயர்ந்தது கோள். எல்லாப் புள்ளிகளும் ஒத்திருக்க, ஒன்று மட்டும் நகர்ந்திருப்பதைக் காண எத்துணைப் பொறுமை வேண்டும்!

1861 ஏப்ரல் 17 இரவு அத்தகைய புள்ளி ஒன்று அவர் கண்ணிற் பட்டது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. ஆதலின் ‘ஆசியா’ எனப் பெயர் பெற்றது. பின்னர் சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா என்னும் நான்கையும் சென்னையிலிருந்தே கண்டார். சில்வியாவை இரு சிறு நிலவுகள் சுற்றுவதை இந்நூற்றாண்டினர் கண்டறிந்துள்ளனர்.

போக்சனுக்குத் துணையாக விளங்கியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். 1867-இல், ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். கருவிகள் கடல் கடந்து வந்தவையாயினும், அந்தக் கூர்த்த கண் நம் நாட்டினதே. இதனை நாம் மறத்தல் ஆகாது.

முப்பதாண்டுகள் பணியாற்றி, 1891-இல் சென்னையிலேயே போக்சன் மறைந்தார். ஓர் இரவின் மேகம் அவர் உழைப்பைக் கெடுக்கவில்லை. அடுத்த இரவும் அவர் நோக்கினார் அல்லரோ?

நீங்களும் வியாழன் தோன்றும் பகுதியைத் தேர்ந்து, அருகிலுள்ள மீன்களைக் குறிப்பேட்டில் வரைந்து, சில வாரங்கள் ஒத்துப் பாருங்கள். நகர்வது எதுவென்று உங்கள் கண்ணே உங்களுக்குச் சொல்லும்.