புது வண்டி ஏன் நின்றது?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில், இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவரும் இப்போது டிராக்டர் பட்டறை நடத்தி வருபவருமான நம் நண்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் என்னிடம் "ஏதாவது பேசு, பத்து நிமிஷம் போதும்" என்றார். எனக்கு மேடைப் பேச்சு வராது. பட்டறையில் பேசுவதுதான் தெரியும். அதனால் போன வருஷம் நம் கல்லூரி மாணவர்கள் கட்டிய அந்த நாலு சக்கர வண்டியைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேடு பள்ளம், சேறு, மணல் எல்லாவற்றிலும் ஓடக்கூடிய வண்டியை மாணவர்களே வடிவமைத்து, வெல்டிங் செய்து, ஓட்டியும் காட்டுகிற போட்டி பாஹா. 1976-ல் அமெரிக்காவில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. இந்தியாவில் 2007 முதல் நடக்கிறது. இந்தூர் பக்கத்தில் பீதம்பூரில் தொடங்கினார்கள். பெட்ரோல் பிரிவில் இன்ஜின் ஒன்றுதான். எல்லா அணிக்கும் அதேதான். மற்றதெல்லாம் பையன்களின் மூளையும் கையும். கடைசி நாள் நாலு மணி நேரம் நிற்காமல் ஓட்ட வேண்டும். அழகாக வரைந்த வண்டிகள் பாதியில் படுத்துக்கொள்வது அங்கேதான்.

நம் பிள்ளைகள் ஏழெட்டு மாதம் இரவு பகல் பார்க்காமல் கட்டினார்கள். வெள்ளை பெயின்ட் அடித்து, ஜம்மென்று நின்றது வண்டி. ஓட்டிப் பார்க்க அன்னவாசல் பக்கம் தைலமரக் காட்டை ஒட்டிய ஒரு பொட்டலுக்குக் கொண்டுபோனோம். சரளை, செம்மண், நடுவில் வறண்ட கண்மாய். இதைவிட நல்ல சோதனைக் களம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

இருபது நிமிஷம் ஓடியது. அப்புறம் இருமி இருமி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் கழித்துக் கயிற்றை இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. மறுபடி இருபது நிமிஷம், மறுபடி நின்றது.

"சூட்டில் காயில் போகுது"ன்னு ஒருத்தர் சொன்னார். "கார்புரேட்டர்ல தூசி"ன்னு இன்னொருத்தர். நான் பெரிய மெக்கானிக் இல்லையா! பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். எல்லாம் ஒரே மூச்சில். வண்டி ஓடியது. கை தட்டினார்கள். மறுநாள் இருபத்தைந்தாவது நிமிஷம் அதே இருமல். மூன்றை ஒன்றாக மாற்றியதால் எது குற்றவாளி, எது நிரபராதி என்று எனக்கே தெரியாமல் போயிற்று. முப்பது வருஷ அனுபவம் என்ன பிரயோஜனம்?

அன்றைக்குக் குழுவில் இருந்த ஒரு பெண்தான் வழி காட்டியது. அது பேசாத பெண். "சார், நின்ன உடனேயே பிளக்கைக் கழற்றி நெருப்புப் பொறி வருதான்னு பார்ப்போம். ஆறின பிறகு பார்த்தா என்ன தெரியும்?" என்றது. அடுத்த தடவை நின்றதும், பெட்ரோல் குழாயைத் தள்ளி வைத்துவிட்டு, சூடாக இருக்கும்போதே பார்த்தோம். பளீரென்று நீலப் பொறி. ஆக, காயில் நிரபராதி. மிச்சம் பெட்ரோல்தான். குழாயைப் பார்த்தால் சொட்டு சொட்டாக வருகிறது. டேங்க் மூடியைத் திறந்தேன். "புஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. அப்புறம் குழாயில் பெட்ரோல் தாராளமாக வந்தது.

விஷயம் இவ்வளவுதான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. சாய்வில் ஏறும்போது பெட்ரோல் கசிகிறதே என்று ஒரு தம்பி நல்ல எண்ணத்தோடு உள்ளே ரப்பர் வாஷர் போட்டிருக்கிறார். ஓட்டை அடைத்துக்கொண்டது. வண்டி நின்ற பிறகு பத்து நிமிஷத்தில் எங்கேயோ சந்து வழியாகக் காற்று மெல்ல உள்ளே போக, மறுபடி ஓடும். அதைத்தான் நாங்கள் "சூடு ஆறியது" என்று நினைத்தோம். கவிழ்ந்தாலும் சிந்தாமல், காற்றை மட்டும் உள்ளே விடுகிற வால்வு போட்டதும் சரியாகிவிட்டது. வாஷர் விலை இரண்டு ரூபாய்கூட இருக்காது. எங்களுக்கு மூன்று நாள் போயிற்று.

பெல்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரை ஏறும்போது ரப்பர் தீய்கிற வாடை வந்தது. பெல்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டினோம். பாவம் அவர். இன்ஜினைப் பிடிக்கிற போல்ட் ஓட்டைகள் நீளவாக்கில் இருந்தன. போல்ட் லேசாக நழுவ, பெல்ட் இழுக்கிற இழுப்பில் இன்ஜினே பின்பக்கம் நகர்ந்திருக்கிறது. இரண்டு புல்லிக்கும் உள்ள தூரம் குறைந்ததும் பெல்ட் தொளதொளத்துச் சறுக்கியிருக்கிறது. இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னேன். கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டிராக்டரில் பழகிய வழக்கம் இது.

இனி பிரேக்.

முதல் நாளே ஓட்டுகிற தம்பி, "அண்ணே, மிதி கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். நான் உட்கார்ந்து இரண்டு தடவை மிதித்துப் பார்த்தேன். மூன்றாவது மிதி கல் மாதிரி நின்றது. "நல்லா இருக்கு, போ" என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். குழாயில் காற்று இருந்தாலும் அடுத்தடுத்து மிதித்தால் மிதி கெட்டியாகும். முதல் மிதிதான் உண்மையைச் சொல்லும். சமதரையில் சோதித்தபோது அந்தத் தம்பியும் ஒவ்வொரு தடவையும் பழக்கத்தில் இரண்டு மிதி மிதித்தே நிறுத்தியிருக்கிறார். நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டுதான் நின்றன.

நாலாம் நாள் கண்மாய்க் கரை உச்சியிலிருந்து கீழே வரும்போது ஒரே மிதிதான் மிதிக்க நேரம் இருந்தது. மிதி தரையைத் தொட்டுவிட்டது. எதிரே கலிங்குக் கல். தம்பி ஸ்டியரிங்கை உள்பக்கம் ஒடித்துக் கண்மாய்க்குள் இறக்கிவிட்டார். அடியில் கொஞ்சம் ஈரம் இருந்ததால் வண்டி சகதியில் புதைந்து சாய்ந்து நின்றது. கூண்டும் சீட் பெல்ட்டும் காப்பாற்றின. கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் ஓடினோம். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

என்னிடம் பதில் இல்லை. அவருடைய அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. மோர் கொடுத்து அனுப்பினார்.

அன்று சாயங்காலமே கழற்றிப் பார்த்தோம். முன்சக்கரத்துக் காலிப்பர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பொருத்தியிருக்கிறது. போல்ட்டெல்லாம் அழகாகப் பொருந்தும், ஒன்றும் தெரியாது. ஆனால் காற்றை வெளியேற்றுகிற நிப்பிள் மேலே இருப்பதற்குப் பதிலாகக் கீழே வந்துவிடும். காற்று எப்போதும் மேலே போய்த்தானே நிற்கும்? கீழே இருக்கிற நிப்பிள் வழியாக ஒரு லிட்டர் எண்ணெயை வெளியேற்றினாலும் மேலே தங்கிய குமிழி அப்படியே இருக்கும். பக்கம் மாற்றிப் போட்டு, காற்றை எடுத்தோம். முதல் மிதியே கல்.

புதுசாக வந்தது என்றால் எல்லோரும் நம்பிவிடுகிறோம். 1970-ல் ஹோண்டா மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போது அது பெரிய அதிசயம். அந்த ரக வண்டிகள் கவிழ்ந்து விபத்துகள் பெருகி, 1988-ல் அமெரிக்காவில் புதிய மூன்று சக்கர வண்டி விற்பனையையே நிறுத்தினார்கள். அது ஸ்பானரால் சரிசெய்ய முடியாத கோளாறு. நம்முடையது ஸ்பானரால் சரியாகிற கோளாறு. ஆனால் யாராவது பார்க்க வேண்டுமே.

வண்டியை லாரியில் ஏற்ற இன்னும் நாலு நாள்தான் இருந்தது. பிரேக் சரியாகிவிட்டது, போகலாம் என்று பிள்ளைகள். நான் வேண்டாம் என்றேன். எல்லா நட்டையும் மறுபடி பார்த்ததில் பதினொன்று கால் சுற்று நகர்ந்தது. நாலு மணி நேரம் ஒருமுறைகூட ஓடாத வண்டி. கட்டிய பணம் போயிற்று, ஏழெட்டு மாத உழைப்பு போயிற்று. இரண்டு வாரம் ஒருத்தரும் என் பட்டறைப் பக்கம் வரவில்லை. நான் செய்தது சரிதானா என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளாத ஒருவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சிரிக்கிறார் பாருங்கள். அவர் கட்சியிலும் நியாயம் உண்டு. இறுதியாண்டு மாணவருக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

அப்புறம் அவர்களே வந்தார்கள். அதே பொட்டலில் நாலு மணி நேரம் ஓட்டினோம். இரண்டே முக்கால் மணி நேரத்தில் நிறுத்திப் பார்த்தபோது, பின்பக்க சஸ்பென்ஷனைப் பிடிக்கிற வெல்டிங் ஓரத்தில், வெள்ளை பெயின்ட் மேல் மயிரிழை மாதிரி ஒரு செம்மண் கோடு. துடைத்தால் போகவில்லை. விரிசல்! நம் ஊர்த் தூசியே உள்ளே நுழைந்து காட்டிக்கொடுத்தது. அந்த இடத்தை வெட்டி, பட்டை வைத்து, மறுபடி வெல்டிங் செய்தார்கள்.

இன்ஜினைப் பற்றி இளையவர்களுக்கு ஒன்று. இந்தச் சின்ன இன்ஜினில் எண்ணெய் பம்ப் கிடையாது. உள்ளே ஒரு கரண்டி எண்ணெயை வாரி இறைக்கிறது. எண்ணெய் குறைந்து, வண்டியும் சாய்ந்து நின்றால் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. தினமும் சமதரையில் நிறுத்தி அளவு பாருங்கள். காற்றால் குளிர்கிற இன்ஜின், அதனால் அந்தத் தகட்டு இடுக்குகளில் தைல மரச் சருகு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு கை நிறைய வந்தது.

நண்பர்களே, பிள்ளைகளுக்கு நன்கொடை தருவதாகப் பலர் சொல்கிறீர்கள். சந்தோஷம். நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதைவிட அவர்களுக்குத் தேவை, சனிக்கிழமை சாயங்காலம் வந்து பக்கத்தில் நிற்கிற ஒரு ஆள். வெல்டிங் தெரிந்தவர், மோட்டார் கம்பெனியில் இருப்பவர், லேத் வைத்திருப்பவர் இந்த அரங்கத்திலேயே எத்தனை பேர்! பெயரை வாசலில் இருக்கிற நோட்டில் எழுதுங்கள். அதே நோட்டில்தான் வண்டியில் எந்தத் தேதி எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்றும் எழுதி வருகிறார்கள். முதல் பக்கத்தில் என் பிரேக் தப்பும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கையெழுத்து.

வண்டி ஒர்க்ஷாப் ஷெட்டில் நிற்கிறது. சாப்பிட்டு முடித்ததும் வாருங்கள். ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு தடவை மட்டும் மிதியுங்கள்.