மேல் காது குத்தப் போகும் முன்...

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கடன் வசூல் பற்றிப் பேசினோம். இன்றைக்குக் காதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிங்க, பரவாயில்லை. ஆனா இந்தப் பேச்சும் ஒரு கடன் விண்ணப்பத்துல இருந்துதான் ஆரம்பிக்குது.

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா அவசரமாக 12,000 ரூபாய் உள்கடன் கேட்டார். காரணம் எழுதும் இடத்தில் "மகள் வைத்தியம்" என்று மட்டும் இருந்தது. என்ன வைத்தியம் என்று கேட்டதும் அழுதுவிட்டார். பெயர் சொல்லாமல் மற்ற குழுக்களுக்கும் இதைச் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால் சொல்கிறோம்.

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் மேல் காதில் சின்ன வளையம் போட்டிருப்பதைப் பார்த்து இவளுக்கும் ஆசை. வீட்டில் கேட்டால் திட்டு விழும். டவுனில் ஒரு பேன்சி கடைக்குப் போனாள். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து 'டக்'னு அடிச்சு விட்டுட்டாங்க. ஒரு நிமிஷ வேலை. நாலாம் நாள் காது சிவந்து, தொட்டாலே சுட்டது. அம்மா கண்ணில் படாமல் இருக்க முடியை முன்னால் விட்டு, ஷாலை இழுத்து மூடிக்கொண்டே வீட்டுக்குள் நடந்திருக்கிறாள். மெடிக்கலில் சொல்லி ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். பத்தாம் நாள் தலையணையில் சீழ் பட்டிருந்ததைப் பார்த்துத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துக் கீறி, சீழை எடுத்து, செத்துப்போன குருத்தையும் கொஞ்சம் எடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, வலி போனது. காதின் மேல் வளைவு மட்டும் சுருங்கியது சுருங்கியதுதான்.

ஒரு காது குத்துக்கா இவ்வளவு என்று தோன்றும். எல்லாரும் இப்போ உங்க காதைத் தொட்டுப் பாருங்க. கம்மல் போடுகிற சோணை மெத்தென்று இருக்கிறதா? அது வெறும் மெல்லிய சதை, நல்ல ரத்த ஓட்டம் உள்ள இடம். ஆறேழு வாரத்தில் ஆறிவிடும். இப்போ விரலை மேலே கொண்டு போங்க. விறைப்பாக, மடக்கினால் திரும்ப நிமிர்கிறதே, அதுதான் குருத்தெலும்பு. அதுக்குன்னு தனியா ரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. நம்ம வீட்டுல குழாய் இணைப்பு இல்லாம பக்கத்து வீட்டுக் குழாயில தண்ணி பிடிக்கிற மாதிரி. சவ்வுக்கும் குருத்துக்கும் நடுவில் சீழ் கோத்துக்கொண்டால் அந்தத் தண்ணியும் நின்று போகிறது. குருத்து செத்துவிட்டால் பழைய வடிவத்தில் திரும்ப வளராது. இடைஞ்சல் எதுவும் இல்லாவிட்டாலும் மேல் காது முழுசாக ஆற 3 மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும்.

மேல் காதில் இப்படிச் சீழ் வைப்பதற்குப் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்கிற கிருமிதான் காரணம். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே அது இருக்கும். கை கழுவும் தொட்டி, குழாய், தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்கு வீடு. சளிக்கும் புண்ணுக்கும் நாம் வழக்கமாக வாங்கிப் போடும் மாத்திரைகள் பலவற்றுக்கு அது அசையாது. 2000-ம் ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் காது குத்தும் ஒரு சிறு கடையில் குத்திக்கொண்ட 7 பேருக்கு இந்தக் கிருமி தாக்கியது உறுதியானது. 4 பேருக்கு அறுவை சிகிச்சை வரை போனது. சுத்தம் செய்வதற்கென்று வைத்திருந்த கிருமிநாசினி பாட்டிலிலேயே கிருமி இருந்தது! அங்கேயும் முதலில் கொடுத்த மாத்திரைகள் கேட்கவில்லை. ஆகவே மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

"எங்க அப்பத்தா கொப்பும் முருகும் போட்டிருந்தாங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று போன வாரம் ஒரு குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆசாரி கூரான கம்பியால் நேராகக் குத்தினார், கை பழகிய வேலை. ஆனால் அந்தக் காலத்தில் சீழ் வைத்த காதுகளை யாரும் கணக்கெடுக்கவில்லை. ஒரே ஊசி பல காதுகளுக்குப் போனால் மஞ்சள் காமாலை வைரஸும் எச்.ஐ.வி.யும் பரவலாம் என்பதும் அப்போது தெரியாது. ஆசாரியைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் புது ஊசி வேண்டும் என்று இன்றைக்கு நாம் அவரிடமும் கேட்கலாம்.

துப்பாக்கிக் கருவி மேல் காதுக்கு ஆகவே ஆகாது. மொட்டையான கம்மல் முனையை ஸ்பிரிங் வேகத்தில் உள்ளே அடிக்கிறது. குருத்து நசுங்கும், சில சமயம் விரிசலும் விடும். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள கருவியை ஆஸ்பத்திரியில் செய்வது போல் அழுத்த நீராவியில் வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது போதாது.

நம்பிக்கையான ஆள் யார் என்று தெரிந்துகொள்ள நாங்கள் டவுனில் மூன்று இடங்களுக்குப் போனோம். ஒரு கடையில் துப்பாக்கிதான் இருந்தது. இன்னொரு இடத்தில் ஊசி ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட்டில் கிடந்தது, "தினமும் மாத்துவோம்" என்றார்கள். மூன்றாவது ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக். கை கழுவி, உறை போட்டு, பேனாவால் புள்ளி வைத்துக் கண்ணாடியில் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டு, ஒட்டிய பாக்கெட்டை நம் கண் முன்னால் கிழித்து ஊசியை எடுத்தார்கள். நாங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். நகரங்களில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஊசியைக் காட்டச் சொன்னால் கோபப்படுகிற இடத்தில் உட்காராதீங்க, எழுந்து வந்துடுங்க.

போடுகிற நகையையும் பாருங்கள். கவரிங் கம்மல் போட்டாலே காது அரிக்கும் என்பீர்களே, அதற்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். புதுப் புண்ணுக்கு டைட்டானியம் அல்லது நல்ல தங்கம் போதும். வீங்கினால் இடம் இருக்கும்படி தண்டு கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது தழும்பு கட்டியாகத் தடித்து வளரும் என்றால் மேல் காது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ரணஜன்னி தடுப்பூசி 10 வயதிலும் 16 வயதிலும் போட்டார்களா என்று அட்டையைப் பாருங்கள்.

குத்திய பிறகு, கொதிக்க வைத்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்புப் போட்டு, சுத்தமான துணியில் நனைத்துக் காலையும் மாலையும் துடைத்தால் போதும். மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். கம்மலைத் திருகாதீங்க. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டாம். கிணறு, கம்மாய், குளம் குளியலும் ஆறும் வரை வேண்டாம்.

முதல் சில நாள் லேசான வலியும் சிவப்பும் இருக்கத்தான் செய்யும். நாளுக்கு நாள் வலி கூடி, மேல் காது மட்டும் சிவந்து வீங்கி, கீழ்ச் சோணை எப்போதும் போல் இருந்தால் குருத்தில் கிருமி இறங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கே டாக்டரிடம் போங்க. கம்மலைக் கழற்றலாமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

அந்த அக்கா எங்களிடம் சொன்னது ஒன்று பாக்கி இருக்கிறது. "நாலாம் நாளே எங்கிட்ட சொல்லியிருந்தா காது தப்பியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான் அடிப்பேன்னு பயந்து சொல்லல." அந்தப் பிள்ளை பயந்ததற்கு நாமும் ஒரு காரணம் இல்லையா? ஆசைப்பட்டுக் கேட்கிற பிள்ளையிடம் "ஊர் என்ன சொல்லும்" என்று தொடங்காமல், "எங்க குத்தப் போற, நானும் வர்றேன்" என்று கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் குத்தச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

பேசி முடித்ததும் வயதான உறுப்பினர் ஒருவர் முடியை ஒதுக்கி மேல் காதைக் காட்டினார். கொப்பு போட்ட துளை பாதி தூர்ந்திருந்தது. கொப்பை விற்றுத்தான் மகனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாராம். பேத்தி இப்போது ஒரு சின்ன வளையம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள், ஈர்க்குச்சியை விட்டுத் துளையைப் பெரிசாக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் பாட்டி, ஈர்க்குச்சியும் வேண்டாம், வேப்பங்குச்சியும் வேண்டாம், அந்தக் கிளினிக்கில் காட்டுவோம் என்றோம். வருகிற வெள்ளிக்கிழமை பேத்தியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.