களத்திலேயே போட வேண்டிய குறி

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று என்னைப் பேசச் சொன்னது கம்ப்யூட்டர் சாட்சியம் பற்றி. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஓர் இளம் வக்கீல் தோழர் இரண்டு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். எனக்கே விளங்கிவிட்டது என்றால் உங்களுக்கு விளங்காமல் போகாது.

நெல் களத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கதிரடித்துத் தூற்றி அம்பாரம் குவித்த பின், அன்றைக்கே அளக்க முடியாமல் போனால், மிராசுதாரின் காரியஸ்தர் வந்து அம்பாரத்தைச் சுற்றிச் சாணிப் பாலால் குறி போட்டுவிட்டுப் போவார். இரவில் எவனாவது ஒரு கை நெல்லை எடுத்தாலும் குறி கலைந்துவிடும். விடிந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். நம் பாட்டன்மாரை நம்பாமல் போட்ட குறி அது. என்றாலும் யுக்தி நல்ல யுக்திதான். இன்று அதே யுக்தியை நாம் போலீஸாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

சங்க ஆபீஸிலோ வீட்டிலோ சோதனை போடுகிறார்கள். கம்ப்யூட்டரையும் செல்போனையும் எடுத்துப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்து, "இதற்குள் இந்தக் கடிதம் இருந்தது" என்று கோர்ட்டில் சொல்கிறார்கள். எடுத்துப் போன அன்று அது இருந்ததா, பிறகு வந்து புகுந்ததா? காகிதக் கடிதம் என்றால் கையெழுத்தைப் பார்க்கலாம், மையைப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்கில் கையெழுத்து ஏது, மை ஏது?

இதற்குத்தான் ஹாஷ் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆலையில் சம்பளப் பட்டியல் போடுகிறார்கள். அடியில் மொத்தம் கூட்டி எழுதுகிறார்கள். நடுவில் ஒருவர் பெயரில் ஒரு ரூபாயைத் திருத்தினாலும் மொத்தம் உதைக்கும். ஆனால் இவர் பெயரில் பத்து ரூபாய் குறைத்து அவர் பெயரில் பத்து ரூபாய் ஏற்றினால் மொத்தம் மாறாது. கணக்குப்பிள்ளைமாரில் சிலர் இதில் மகா கெட்டிக்காரர்கள்! ஹாஷ் கணக்கில் இந்தச் சாமர்த்தியம் பலிக்காது. டிஸ்கில் முதலிலிருந்து கடைசி வரை உள்ள அத்தனையையும் அரைத்து ஒரே ஓர் எண்ணாக்கிவிடும். எஸ்.எச்.ஏ. 256 என்ற முறையில் அது 64 இலக்கம். எங்கோ ஒரு மூலையில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த 64 இலக்கமும் அடையாளம் தெரியாமல் மாறிப் போகும்.

எண்ணை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே "விசாரணை ரகசியம், எண்ணைத் தரமாட்டோம்" என்று எந்த அதிகாரியும் சொல்ல நியாயமில்லை.

கம்ப்யூட்டரில் இதற்குத் தனிக் கட்டளைகளே இருக்கின்றன. லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் என்று ஒன்று, விண்டோஸில் செர்ட்யூடில் என்று ஒன்று. முறை தெரிந்த நிபுணர், டிஸ்கைப் படிக்க மட்டும் விட்டு, அதில் எழுத விடாத ஒரு கருவியை நடுவில் மாட்டுவார். அசலுக்கு எண் போடுவார். முழு நகல் எடுப்பார். நகலுக்கும் எண் போடுவார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நகல் சரி. ஆராய்ச்சியெல்லாம் நகலில்தான், அசலைத் தொடவே கூடாது. கம்ப்யூட்டரைச் சும்மா ஒரு தடவை போட்டு அணைத்தாலே உள்ளே பல குறிப்புகள் மாறிவிடும், எண்ணும் மாறிவிடும். "ஸ்டேஷனில் திறந்து பார்த்தோம், வேறொன்றும் செய்யவில்லை" என்று சொல்வது குறியைக் கலைத்துவிட்டு நெல்லைத் தொடவில்லை என்பது போலத்தான்.

எம்.டி. 5 என்ற பழைய முறையும் உண்டு, அது 32 இலக்கம். இரண்டு வெவ்வேறு ஃபைல்களுக்கு ஒரே எண் வரும்படி செய்ய முடியும் என்று 2004-ல் சீன விஞ்ஞானி வாங் சியாவ்யுன் அம்மையார் குழுவினர் காட்டிவிட்டார்கள். எஸ்.எச்.ஏ. 1-க்கும் 2017-ல் அதே கதி ஆயிற்று. ஆகவே 256-ஐக் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், 63-வது பிரிவில், மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் சான்றிதழ் வேண்டும் என்கிறது. அந்தப் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கும், எந்த முறையில் போட்டது என்பதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த எண்ணை எப்போது போடுவது? கோர்ட்டில் வைக்கும்போது என்கிறது படிவம். வீட்டிலிருந்து எடுத்த அந்த நிமிஷத்தில் போட வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. நெல்லைக் களத்திலிருந்து ஏற்றி, காரியஸ்தர் வீட்டுக் கொல்லையில் ஒரு மாதம் வைத்திருந்து, பிறகு குறி போட்டால் அது யாருக்குக் காவல்?

2023 அக்டோபர் 3 அன்று டில்லியில் நியூஸ்கிளிக் பத்திரிகையோடு தொடர்புள்ள பலர் வீடுகளில் சோதனை போட்டு போன்களையும் கம்ப்யூட்டர்களையும் அள்ளிச் சென்றார்களே, அப்போது எழுந்த முக்கியமான புகார் இதுதான்: ஹாஷ் எண் தரவில்லை. அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவைக் கைது செய்தது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2024 மே 15 அன்று சொன்னது. அது கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்காததற்காக. எழுத்தில் கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று பாருங்கள்!

இனி நம் பக்கத்து மனிதர் ஒருவர் கதைக்கு வருகிறேன். நாமெல்லாம் 1995 வரை ஒரே திருச்சி ஜில்லாக்காரர்கள். அந்த ஜில்லாவில், லால்குடி தாலுகா விரகாலூரில் 1937-ல் பிறந்தவர் பாதிரியார் ஸ்டான் சுவாமி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக உழைத்தவர். 2019 ஜூன் 12 அன்று புனே போலீஸார் ராஞ்சியில் அவருடைய கம்ப்யூட்டரை எடுத்துச் சென்றார்கள். 2020 அக்டோபர் 8 அன்று, பீமா கோரேகான் வழக்கில் என்.ஐ.ஏ. அவரைக் கைது செய்தது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியாத கிழவர், உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்காகக் கோர்ட்டில் மனுப் போட நேர்ந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, 84-வது வயதில் மும்பை ஆஸ்பத்திரியில் மாண்டார்.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் அவருடைய டிஸ்கின் நகலை ஆராய்ந்து அறிக்கை தந்தது. 2014 அக்டோபரிலிருந்தே நெட்வயர் என்ற திருட்டு மென்பொருள் மூலம் யாரோ அந்தக் கம்ப்யூட்டருக்குள் புகுந்திருந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபைல்களை உள்ளே வைத்தார்கள். சுவாமி அவற்றைத் திறந்து பார்த்ததற்கு அடையாளமே இல்லை. 2019 ஜூன் 11 அன்று, அதாவது போலீஸ் வருவதற்கு முந்திய நாள், புகுந்தவர்கள் தம் தடயங்களைத் துடைக்க முயன்றிருக்கிறார்கள். இதே வழக்கில் ரோனா வில்சன் கம்ப்யூட்டர் பற்றி 2021-ல் ஆர்சனல் தந்த அறிக்கையும் இதே மாதிரிதான். அதை ஏற்க என்.ஐ.ஏ. மறுத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஜூன் 12 அன்று அந்த இடத்திலேயே ஒழுங்காக எண் போட்டிருந்தாலும், இந்தத் திருட்டை அந்த எண் காட்டியிருக்காது. குறி போடுமுன்பே அம்பாரத்தில் பதரைக் கலந்துவிட்டால், குறி பதரையும் சேர்த்துத்தான் காக்கும். உள்ளே நுழைந்தவன் விட்டுப்போன தடங்களை ஆராய்ந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தத் தடங்கள் கலையாமல் இருந்தால்தானே அந்த ஆராய்ச்சியும் நிற்கும்? ஆகவே, நேற்று வைத்ததை எண் காட்டாது. நாளை வைக்கப் போவதைக் காட்டும். இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். "ஹாஷ் சரியாக இருக்கிறது, ஆகவே குற்றம் ருசுவாகிவிட்டது" என்று அரசாங்க வக்கீல் சொன்னால் ஏமாந்துவிடவும் கூடாது.

சென்ற ஆண்டு ஒரு போராட்டத்தில் நம் தோழர் ஒருவருடைய போனை வாங்கிக் கொண்டார்கள். எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டுக்கூடத் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதைப் படிக்க உட்கார்ந்தேன்.

கேட்க வேண்டியது என்ன? பறிமுதல் பட்டியலின் நகல், சாட்சிகள் கையெழுத்தோடு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும். எடுக்கிறார்களா என்று பாருங்கள். ஹாஷ் எண்ணை அங்கேயே போடச் சொல்லுங்கள். ஒரு டெராபைட் டிஸ்கைப் படிக்க இரண்டு மணி நேரம் ஆகும், போனுக்கோ சுலபத்தில் போட முடியாது என்பார்கள். அது உண்மைதான். அப்படியானால் அணைத்து, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, நம் கையெழுத்தையும் அதன்மேல் வாங்கட்டும். லாபில் பிரிக்கும்போது நம் வக்கீல் முன்னிலையில் பிரித்து எண் போடட்டும். மறுத்தால், மறுத்தார்கள் என்று அந்தப் பட்டியலிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றைக்கே மாஜிஸ்திரேட்டுக்கு மனு அனுப்புங்கள்.

நம் சங்கத்து வேலைக்கும் இது பயன்படும். ஆலை வாசலில் அடிதடி நடந்ததை வீடியோ எடுத்தால், உடனே அதன் எண்ணைச் சங்கத்தின் மினிட் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், எண் மாறிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் மாறாது. எடுத்த அசலைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வக்கீல் தோழர் கம்ப்யூட்டரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆளுக்கொரு ஃபைல் கொண்டு வாருங்கள். ஓர் எழுத்தை மாற்றி, எண் மாறுகிறதா என்று உங்கள் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.