கபிலக்கல் யாருக்குச் சாட்சி?

என்னினும் மூத்த அறிஞர்கள் முன்வரிசையில் வீற்றிருக்க, இந்தத் தலைமை இருக்கையை எனக்குத் தந்திருக்கிறீர்கள். பெருமையோடு சிறிது அச்சமும் கொண்டே பேசத் தொடங்குகிறேன். கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் குறுநில மன்னர்கள், புலவர்கள், பதிப்பாளர்கள் என்னும் கருத்தரங்கப் பொருளின் பரப்பை நீங்கள் அறிவீர்கள். மலையமான் திருமுடிக்காரியைக் கபிலரும் மாறோக்கத்து நப்பசலையாரும் பாடியது, மிலாட்டு வேந்தர் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு, திருநாவலூர்ச் சுந்தரரை நரசிங்க முனையரையர் வளர்த்தது, முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் சந்தித்தது ஆகியவற்றை அமர்வுகளில் பேசவிருக்கிறீர்கள். நான் அவற்றைத் தொகுத்துரைக்கப் போவதில்லை. தீராத ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கபிலர் எவ்வாறு இறந்தார்? தம் புரவலன் வேள்பாரி இறந்தபின் அவன் மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டு வடக்கிருந்தார், அதாவது உண்ணாநோன்பிருந்து உயிர்விடத் துணிந்தார், என்கிறது புறநானூறு 236ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. 1894இல் உ.வே.சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றியபின், ஏட்டில் இருந்த அக்குறிப்பு தமிழ் வகுப்பறைகளின் பொது அறிவாயிற்று. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில், முதலாம் இராசராசன் (985–1014) காலத்துச் செய்யுட் கல்வெட்டு ஒன்று வேறு கதை சொல்கிறது. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றில் கபிலர் தீப்புகுந்தார், அந்த இடமே கபிலக்கல் என்கிறது அது. ஏட்டை நம்பியோர் கல்லை ஒதுக்கினர். கல்லை நம்பியோர் ஏட்டை ஒதுக்கினர். வடக்கிருந்த நிலையிலேயே தீயிலும் புகுந்தார் என இரண்டையும் ஒட்டவைப்பதும் உண்டு. மூன்று தரப்பிலும் நான் மதிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆயினும் கபிலர் பெயர் வரும் அடிகளைத் தனியே வெட்டியெடுத்தே பெரும்பாலோர் வாதிட்டார்கள் என்பதை இங்கே பணிவோடு சொல்லியாக வேண்டும்.

கல்வெட்டை முழுமையாகப் படித்தால் வேறொரு தீயும் அதில் எரிவதைக் காணலாம். இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குடியில் பிறந்தவள். சுந்தர சோழன் இறந்தபோது, பால்குடி மாறாத குழந்தையை விட்டு அவள் கணவனோடு தீப்புகுந்ததை அதே கல்வெட்டு போற்றுகிறது. சோழப் பேரரசனுக்குத் தாயைத் தந்த குடியின் பெருமையைப் பாடுவதே அதன் நோக்கம். அக்குடியின் மகள் தீயில் புகுந்தாள். அக்குடிக்குப் பெண் கொடுத்த புலவரும் தீயில் புகுந்தார். இந்த இணை தற்செயலாக அமைந்ததன்று என்பதே என் முடிபு. பாடல்களும் இதற்குத் துணைநிற்கின்றன. கபிலர் பாரி மகளிரை ஏற்கும்படி விச்சிக்கோவையும் இருங்கோவேளையும் வேண்டியதற்குப் புறநானூறு 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகள் சான்று. ஆனால் காரியைப் பாடிய 121 முதல் 124 வரையுள்ள பாட்டுகளில் திருமணப் பேச்சே இல்லை. 236ஆம் பாட்டிலும் மறுமையில் பாரியோடு சேர வேண்டும் என்ற வேட்கை உண்டே தவிர, தீ இல்லை.

பெண்ணையாற்றில் இன்றும் நிற்கும் கபிலக்கல் என்னும் குன்று பொய்யா என்று கேட்பீர்கள். இராசராசன் காலத்தில் மக்கள் அதைக் கபிலரோடு இணைத்துப் பேசினார்கள் என்பதைக் குன்று மெய்ப்பிக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு அங்கே நடந்ததை அது மெய்ப்பிக்காது. குடிப்பெருமைக்காகச் சொன்னதென்றால் ஏன் கபிலரைத் தேர்ந்தார்கள் என்ற கேள்வியும் நேரியதே. அக்குடியின் கையில் இருந்த மிகப் பழைய நற்சான்று கபிலரின் பாட்டுத்தான். சங்கப் புலவர் ஒருவரின் நினைவு இராசராசன் காலத்திலும் ஒரு குறுநிலக் குடிக்குத் தகுதி தரும் செல்வமாக இருந்தது என்பதே அக்கல்லின் உண்மையான பயன். அப்படியானால் அடிக்குறிப்பு மட்டும் நம்பத்தக்கதா? அதுவும் பாடலுக்குப் பிந்தியதே. ஆனால் அதனால் எந்த அரச குடிக்கும் ஆதாயம் இல்லை. அந்த அளவில் அதன் சொல் சற்றுக் கூடுதல் எடை பெறுகிறது.

இந்த அளவுகோலை மலைமேலும் கொண்டுசெல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். கல்வராயன் மலையைச் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார் குடிகள் ஆண்டன. 1976இல் அரசு அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் என்னும் தெய்வத்தோடு அண்ணன் தம்பி மூவர் மலைகளுக்குப் பெயர்ந்தார்கள் என்ற அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் மரபைத் தென்னிந்தியக் குடிகள் பற்றித் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிந்திருக்கிறார். மலையமான் குடி கல்லில் வெட்டியதை வரலாறு என்று கொண்டாடும் நாம், மலைக்குடிகள் வாயால் காத்ததைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறோம். இரண்டுமே ஒரு குடி தன்னைப் பற்றித் தானே சொன்னவை. யார், எப்போது, எந்தத் தேவைக்காகச் சொன்னார்கள் என்ற கேள்வியை இரண்டிடமும் ஒரே கண்டிப்போடு கேட்க வேண்டும். வாய்மொழிக்கு நாள் குறிக்க முடியாதே என்பார்கள். கல்லுக்கு நாள் உண்டு, உண்மைதான். அது வெட்டிய நாளேயன்றி, நிகழ்ச்சி நடந்த நாளன்று.

வேல்சு நாட்டார் தம் அரசர், குடும்பங்கள், புலவர், அச்சகத்தார் அனைவரையும் ஒரே வாழ்க்கை வரலாற்று அகராதியில் தொகுத்து, 1953இல் முதலில் தம் தாய்மொழியிலேயே வெளியிட்டார்கள். 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும். அதில் மலையமானுக்கு ஒதுக்கும் இடமும் மூன்று ஜாகீர்க் குடிகளுக்கு ஒதுக்கும் இடமும் ஒரே வகைச் சான்றாய்வால் முடிவாக வேண்டும். கபிலரைப் பற்றி என்னோடு உடன்படாதவர்களும் இந்தப் பணிக்கு வர வேண்டும். வெள்ளிமலையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் குடிவரலாறு சொல்லத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவைத் தொடங்குங்கள் என்று இந்த அவையை வேண்டிக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.